முந்தைய புத்தகத்தின் கொலையாளியை ஏன் சொல்கிறீர்கள்?

தொடராக வருகிற இலகுவான கொலை மர்ம நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ரத்தமும் கொடூரமும் பக்கம் பக்கமாக விரியாது, போலீஸ் இல்லாத யாரோ ஒருவர், பேக்கரி நடத்துபவரோ நூலகரோ, அக்கம்பக்கத்துப் பேச்சை வைத்தே துப்புத் துலக்கிவிடுவார், படிக்க அவ்வளவு சுகம். ஆனால் ஐந்தாவது புத்தகம் முதலில் கைக்குக் கிடைத்து, ஆசையாக ஆரம்பித்தால், இரண்டாவது அத்தியாயத்திலேயே "போன வருஷம் அந்த டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரிந்ததிலிருந்து ஊரே மாறிவிட்டது" என்கிற மாதிரி கதாநாயகி சர்வசாதாரணமாகப் போட்டு உடைத்துவிடுகிறாள். போச்சு! நான்காவது புத்தகத்தை இனி எதற்குப் படிப்பது?

இது புதுப் பழக்கமும் இல்லை. அகதா கிறிஸ்டியே 1937இல் வெளிவந்த 'டம்ப் விட்னஸ்' நாவலில், தன் பழைய நாவல்கள் நான்கின் கொலையாளிகளைத் தன் துப்பறிவாளர் புவாரோ வாயாலேயே பெயர் சொல்ல வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் செய்தாலும் அது அநியாயம்தான். பழைய வழக்கை நினைவுபடுத்த வேண்டுமென்றால் செத்தது யார், எங்கே என்று சொன்னால் போதாதா, கொன்றவர் பெயர் எதற்கு?

அப்புறம் அட்டை. தொடரில் இது எத்தனையாவது என்ற எண்ணை முன்னட்டையில் பெரிதாகப் போட என்ன தயக்கம்? பின்னட்டைச் சுருக்கம் இன்னும் மோசம். நூறு பக்கம் தாண்டி விழுகிற பிணம் யாருடையது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. யார் சாகப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே படிப்பதுதானே பாதிச் சந்தோஷம், அதை ஏன் பிடுங்குகிறீர்கள்?