அலிபி தோற்றால் குற்றம் உறுதியாகிவிடாது

‘அலிபியை நிரூபிக்க முடியாவிட்டாலே குற்றம் உறுதியாகிவிடும்’ என்று கருதுவது சரியன்று. குற்றம் நடந்த நேரத்தில், சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாதபடி வேறோர் இடத்தில் இருந்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கூறுவதே அலிபி. தற்காப்புக்காகத் தாக்கினேன் என்பதைப் போலச் செயலை ஒப்புக்கொண்டு விலக்குக் கோரும் வாதமன்று அது. கொலை இரவு 9 மணிக்கு நடந்திருந்தால், வேறோர் ஊரில் 7 மணிக்குப் பதிவான கேமராக் காட்சி மட்டும் போதாது. இடைப்பட்ட 2 மணி நேரத்தில் அவர் வந்து சேர்ந்திருக்க முடியாது என்பதும் தெளிவாக வேண்டும். அப்படித் தெளிவாகாமல் அந்த வாதம் தள்ளுபடியானாலும், அவர்தான் குற்றத்தைச் செய்தார் என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும். ஆளை ஏவிக் கொலை செய்வித்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால், வேறிடத்தில் இருந்ததாகக் காட்டுவது பெரும்பாலும் பயன் தராது.