ஐஸ்கிரீமுக்குள் கையெறி குண்டு

'கார்ட்டூன்தானே, விடுங்க' என்பவர்கள், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானோடு மோதிக்கொண்டிருந்த 1944-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ஒரு பக்ஸ் பன்னி குறும்படத்தைப் பார்க்க வேண்டும். பசிபிக் தீவு ஒன்றில் கரையொதுங்கும் முயல், ஐஸ்கிரீம்காரன் வேடத்தில் வண்டியோடு வருகிறது. ஜப்பானியச் சிப்பாய்கள் ஆசையாக ஓடி வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கொரு ஐஸ்கிரீம் கிடைக்கிறது. ஒவ்வொன்றின் உள்ளேயும் கையெறி குண்டு. கொடுக்கும்போதே 'குரங்கு மூஞ்சி', 'வளைகாலன்' என்று வசை வேறு.

எதிரியைக் கேலி செய்யாத போர் உண்டா என்று கேட்கலாம். சரி, அதே ஹாலிவுட் ஜெர்மனியை எப்படிக் கேலி செய்தது? 1943 ஜனவரியில் வந்த டிஸ்னி படத்தில் டொனால்ட் டக், நாஜி நாட்டில் குண்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி. ரொட்டி கல்லாக இருக்கிறது, ரம்பத்தால் அறுக்கிறான். ஒற்றைக் காப்பிக் கொட்டையை நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி எடுக்கிறான். ஓடும் பட்டையில் குண்டுகளுக்கு நடுவே ஹிட்லர் படம் வரும்போதெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். கடைசியில் எல்லாம் கனவென்று விழித்துக்கொள்கிறான். ஆஸ்கர் வாங்கிய படம், இன்றும் சிரிக்க வைக்கிறது. அங்கே அடி விழுவது ஹிட்லர் மேலும் அவன் ஆட்சி மேலும்தான். தொழிலாளி அதில் சிக்கிக்கொண்ட அப்பாவி. ஜப்பானியன் என்று வந்துவிட்டால் மட்டும் (இந்தப் படத்திலும்கூட) கேலி பல்லுக்கும் கண்ணுக்கும் போய்விடுகிறது. ஓர் இனமே எதிரியாகிவிடுகிறது.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தியேட்டரில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் அமெரிக்க முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் தர 1988-ல்தான் சட்டம் வந்தது.

போர்க்காலத்தில் வேறு வழியில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. வார்னர் கலைஞர்களே ராணுவத்துக்காக 'பிரைவேட் ஸ்னாஃபு' கார்ட்டூன் வரிசையை எடுத்தார்கள். வாய் திறந்து ரகசியத்தை உளறுபவன், கொசுவலை கட்டாமல் மலேரியாவை இழுத்துக்கொள்பவன் என்று தங்கள் சிப்பாயையே கேலிக்கு ஆளாக்கினார்கள். யாரைச் சிரிப்புக்கு ஆளாக்குவது என்பதை அவர்களால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஜப்பானும் இதில் சளைத்ததில்லை. கடற்படைக்காக எடுக்கப்பட்டு 1945 ஏப்ரலில் வெளியான, மொமொதாரோ என்ற நாட்டுப்புறக் கதை நாயகனைப் பற்றிய முழுநீளக் கார்ட்டூன் படத்தில், தெற்குத் தீவொன்றின் விலங்குகள் ஜப்பானிய எழுத்துகளைப் பாட்டாகப் பாடிப் படிக்கின்றன. பிறகு படை முகாமுக்குச் சந்தோஷமாக வேலை செய்கின்றன. அழகாக வரைந்த காட்சி, அதனாலேயே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பான் 'விடுவித்த' மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அந்த முயல் படத்தை 1990களில் பொழுதுபோக்குத் தொகுப்பில் சேர்த்து விற்றார்கள். ஜப்பானிய அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள், நிறுவனம் திரும்பப் பெற்றது. எதிர்ப்பு முழுக்க நியாயம். ஆனால் படத்தை மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டிஸ்னி 2004-ல் தன் போர்க்காலப் படங்களை, பின்னணியைச் சொல்லும் முன்னுரையோடு பெரியவர்களுக்கான டிவிடியாகக் கொண்டுவந்தது. வார்னரும் அப்படியே செய்யட்டும். அந்த முகாம்களில் வளர்ந்தவர்கள் இருக்கும்போதே, அவர்களையே முன்னுரை பேசச் சொல்லி.