அப்பாவின் ஸ்க்ரோல் பார்

அப்பாவுக்கு 74 வயது. வலது கை லேசாக நடுங்கும். கணினியில் அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு, பழைய குடும்பப் படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்ப்பதுதான். போன மாதம் விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே போன் செய்தார். "ஓரத்துல இருக்கிற பட்டையப் பிடிக்கவே முடியலடா. கை நழுவிடுது."

ஸ்க்ரோல் பாரைத்தான் சொல்கிறார். மவுஸ் வீலை உருட்டலாமே என்பீர்கள். நடுக்கத்தில் அது எங்கோ ஓடிவிடுகிறது. அவருக்குப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் பழக்கம்.

பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அதில் நிறம், தோற்றம் மாற்றும் பகுதிக்குப் போனால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ஸ்க்ரோல் பாரைத் தேர்ந்தெடுத்து, அகலத்துக்கு ஒரு எண்ணைப் போட்டால் போதும். அப்பாவுக்கு அப்போதே 30 பிக்சல் வைத்துக் கொடுத்திருந்தேன். விண்டோஸ் 8 வந்தபோது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இதற்குப் பிறகுதான். அவர்கள் எடுத்தது பெட்டியை மட்டும். அந்த வசதி உள்ளே அப்படியே இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப், விண்டோ மெட்ரிக்ஸ் என்று இறங்கிப் போனால் 'ஸ்க்ரோல் விட்த்' என்று ஒரு வரி. அதில் -255 என்று இருக்கும். ஒரு பிக்சலுக்கு 15 என்று கணக்கு, முன்னால் ஒரு கழித்தல் குறி. அதாவது 17 பிக்சல். 30 பிக்சல் வேண்டுமென்றால் -450 என்று எழுதி, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். கை நடுங்கும் ஒரு பெரியவர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

வினேரோ ட்வீக்கர் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்லைடரை நகர்த்தினேன், வேலை முடிந்தது. இந்த மாதிரிக் கருவிகளை 'கம்ப்யூட்டர் கிறுக்கர்களின் விளையாட்டு' என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் ஒளித்துவைத்த சாவியை எடுத்துத் தருகிற வேலை அது.

ஒரு காலத்தில் இந்த வேலையை மைக்ரோசாஃப்ட்டே செய்தது. விண்டோஸ் 95 காலத்தில், பவர்டாய்ஸ் என்ற அவர்களுடைய இலவசச் சிறுகருவித் தொகுப்போடு ட்வீக் யூஐ என்ற அமைப்பு மாற்றும் கருவி வந்தது. எழுதியவர் அங்கேயே வேலை பார்த்த ரேமண்ட் சென். விண்டோஸ் 98 சிடியிலேயே அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி வரை இருந்தது, அடுத்து வந்த விஸ்டாவோடு நின்றுபோனது. மெனு திறக்கும் வேகம், ஷார்ட்கட் ஐகானில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி என்று அதில் மாற்றாதது இல்லை. 2019இல் பவர்டாய்ஸ், யாரும் நிரல் வரிகளைப் பார்க்கக்கூடிய திறமூலமாக மறுபடி வந்தது. நல்ல கருவிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ட்வீக் யூஐ வரவில்லை.

சரி, எல்லாக் கருவியையும் நம்பலாமா? கூடாது. முன்பு ஒருமுறை, 'தேவையற்ற சேவைகளை ஒரே கிளிக்கில் நிறுத்து' என்ற பட்டனை நம்பி அழுத்திவிட்டேன். மறுநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, அச்சு வேலைகளை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரையும் அது சேர்த்து நிறுத்தியிருக்கிறது. எதையெல்லாம் மாற்றினேன் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை, பழையபடி ஆக்கும் வழியும் அதில் இல்லை. அன்றிலிருந்து அந்த இரண்டையும் பார்த்துத்தான் ஒரு கருவியைத் தொடுகிறேன். மேக் கணினியில் டிங்கர்டூல் என்ற கருவி இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும். பயனரின் சொந்த அமைப்புகளை மட்டும்தான் தொடும், அட்மின் பாஸ்வேர்டு கேட்காது, முன்பிருந்த நிலைக்கே திரும்ப ஒரு பட்டனும் உண்டு. விண்டோஸில் எதை மாற்றினாலும் முதலில் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சேமிப்பு) வைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

விண்டோஸ் 11இல், பார்வை, கை அசைவு போன்றவற்றில் சிரமம் உள்ளவர்களுக்கான அக்சஸிபிலிட்டி பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்க ஸ்லைடர் இருக்கிறது, மவுஸ் அம்பைப் பெரிதாக்கவும் இருக்கிறது. ஸ்க்ரோல் பாரை மறையாமல் வைக்கக்கூட ஒரு சுவிட்ச் உண்டு. அதன் பக்கத்தில் அகலத்துக்கு இன்னொரு ஸ்லைடர் வைக்க என்ன தடை? ரெஜிஸ்ட்ரி வரியை மாற்றினாலும் செட்டிங்ஸ் போன்ற புதுவகைச் செயலிகள் அதை மதிப்பதில்லை, அங்கெல்லாம் பட்டை இன்னும் மெலிசுதான். அதனால் அவர்கள்தான் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டுக்குக் கருத்து அனுப்ப விண்டோஸிலேயே இருக்கும் ஃபீட்பேக் ஹப்பில் இதைக் கேட்டு எழுதப்போகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள்.