ஸ்டேட்டன் ஐலண்டுக்கு நியூயார்க் வைத்திருக்கும் நூறு வருடக் கடன்

நியூயார்க்கின் சுரங்க ரயில் வரைபடத்தில் ஸ்டேட்டன் ஐலண்ட் மட்டும் மூலையில் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வாழும் தீவு இது. 1898இலிருந்து நகரத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்று. ஆனாலும் இங்கிருந்து நகரத்தின் மற்ற எந்தப் பகுதிக்கும் ரயிலில் போக முடியாது. "தீவு என்றால் அப்படித்தான்" என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மன்ஹாட்டனும் தீவுதானே?

தீவை ப்ரூக்ளினோடு இணைக்கும் ரயில் சுரங்கம் வெறும் கனவாக இருந்து கலைந்துவிடவில்லை. 1923இல் மேயர் ஜான் ஹைலன் வேலையைத் தொடங்கியே வைத்தார். எதிர்க்கரையில் ப்ரூக்ளினின் பே ரிட்ஜ் பக்கம் ஒரு குழி, இந்தப் பக்கம் செயின்ட் ஜார்ஜில் ஒரு குழி. நடுவில் நேரோஸ் நீரிணைக்கு அடியில் சுமார் இரண்டு மைல் தோண்டினால் போதும், ப்ரூக்ளினின் ஃபோர்த் அவென்யூ சுரங்க ரயில் பாதையோடு தீவு இணைந்திருக்கும். சரக்கு ரயிலும் அதே சுரங்கத்தில் போக வேண்டும் என்றார் ஹைலன். செலவு எகிறும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1925இல் சரக்கு ரயிலுக்கு மாநிலச் சட்டம் தடை போட்டது, வேலை நின்றது. அதே ஆண்டு கட்சியின் உட்தேர்தலில் ஜிம்மி வாக்கரிடம் ஹைலன் தோற்றார். குழிகளுக்கு 'ஹைலனின் ஓட்டைகள்' என்று பெயர் வைத்ததோடு ஊர் அவற்றை மறந்துவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: தீவு தன் பங்கைச் செய்து முடித்திருந்தது. சுரங்கம் வரப்போகிறது என்று நம்பி, 1925இல் இங்கே ரயில் பாதைகளை மின்மயமாக்கினார்கள். ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் போட்டார்கள். ப்ரூக்ளின் பாதையில் ஓடும் ரயில்களின் அமைப்பிலேயே பெட்டிகள் வாங்கினார்கள். 1953இல் இரண்டு கிளைப் பாதைகள் மூடப்பட்டபோது உபரியான பெட்டிகளில் சிலவற்றை நகரம் வாங்கிச் சுரங்கப் பாதைகளில் ஓட்டியது. பெட்டிகளுக்குக் கிடைத்த இணைப்பு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

பணம் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். அதே நீரிணைக்கு மேலே 1964இல் வெரசானோ பாலம் திறக்கப்பட்டது. அன்று உலகிலேயே நீளமான தொங்குபாலம். நகரத்தின் நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் காலத்துப் பாலம், காருக்கென்றே கட்டியது. இரண்டு அடுக்கு உண்டு, ஒரு தண்டவாளம் கூடக் கிடையாது. தீவைக் காரை நம்பி வாழும் ஊராக்கியது அந்த முடிவு. 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனின் தென்பகுதிக்குள் காரோடு நுழைந்தால் நெரிசல் நேரத்தில் 9 டாலர் கட்டணம். நெரிசலைக் குறைக்கும் அந்தத் திட்டம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் காரை விட்டுவிட்டு வா என்று சொல்கிறவர்கள் ரயிலையும் கொடுக்க வேண்டாமா?

மன்ஹாட்டனுக்குப் போகும் ஃபெர்ரி இலவசமாயிற்றே என்பார்கள். 1997 முதல் இலவசம்தான், சுதந்திர தேவி சிலையும் தெரியும். சுற்றுலா வருபவருக்கு அருமையான 25 நிமிடம். டாட்டன்வில்லில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர், தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயில், அப்புறம் ஃபெர்ரி, அப்புறம் இன்னொரு ரயில் என்று மாறி மாறிப் போகிறார். மாலையில் ஃபெர்ரி கரையைத் தொடும் முன்பே கூட்டம் கதவருகில் நெருக்கிக்கொண்டு நிற்கும். கதவு திறந்ததும் கைக்குழந்தையோடு இருப்பவர்கூட ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போவார். தவறவிட்டால் இரவில் அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம்.

1993இல் தீவில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் நகரத்தை விட்டுப் பிரிய வேண்டும் என்றார்கள். அந்த வெறுப்புக்குக் காரணங்கள் பல, நகரத்தின் குப்பையை இங்கே கொட்டிய ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைமேடு உட்பட. ரயில் இல்லாததும் அதில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைய விலையில் இந்தச் சுரங்கம் கோடிக்கணக்கில் விழுங்கும், தெரியும். மன்ஹாட்டனின் செகண்ட் அவென்யூவில் மூன்றே புதிய சுரங்க ரயில் நிலையங்களுக்கு 400 கோடி டாலருக்கு மேல் கொட்டிய நகரம் இது. எனவே விக்டரி பொலிவார்டைச் சுற்றி வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் மற்ற தமிழ் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலைக் குழியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். நேரோஸ் சுரங்கத்துக்கு இன்றைய மதிப்பீடு ஒன்றைத் தயாரிக்கச் சொல்வீர்களா, மாட்டீர்களா என்று நேருக்கு நேர் கேளுங்கள்.