சாவிக்கு நீளும் கை

வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்குப் போகிறேன். ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் கொட்டி, ஆறரைக்குள் திரும்பினால்தான் அம்மாவால் நேரத்துக்குக் கடை போட முடியும். பிறகு நான் என் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பதினொரு ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் போலீஸ் என்னை எத்தனை முறை நிறுத்தியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் நியாயமானவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் முடிந்து ஒரு மாதம் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் ஏறிப் போயிருக்கிறேன். அதற்கெல்லாம் பணம் கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை.

போன மாதம் நடந்தது வேறு. அன்று எண்ணூர் விரைவுச் சாலையை கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் சுற்றுவழியில் வந்தோம். வழியில் ஒரு பாலம். எந்தப் பாலம், எந்த நிலையத்தைச் சேர்ந்தவர்கள் என்று எழுதப்போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. பாலத்தின் இறக்கத்தில் வண்டி தானாகவே வேகம் பிடிக்கும். கீழே கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் ஆள் நின்றால் கடைசி நொடி வரை தெரியாது. சரியாக அந்த இடத்தில்தான் நின்றிருந்தார்கள். சுவர் மறைவிலிருந்து பாய்ந்து வந்த காவலரின் கை என் தோளையோ கைப்பிடியையோ தொடவில்லை, நேராகச் சாவிக்குப் போனது. எஞ்சின் அணைந்து வண்டி குலுங்கியது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த அன்னக்கூடை சரிந்து, ஐஸ் தண்ணீர் அம்மாவின் புடவையில் கொட்டியது. இரண்டு காலையும் ஊன்றி வண்டியைத் தாங்கிப் பிடித்தேன். "ஓரங்கட்டுடா" என்றார்.

எங்கள் மீது தவறு இருந்தது. அம்மா தலைக்கவசம் அணியவில்லை, கையில் மாட்டியிருந்தார். சென்னையில் பின்னால் உட்காருபவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2022 மே மாதத்திலிருந்து கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தலைக்கவசம் அணியாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. அம்மா நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்றாலும் பல நாள் அந்த ஆயிரம் கையில் நிற்காது. அவர் அணியாததற்குக் காரணம் கொண்டை. அறுபது வயதில் கொண்டை போட்டுப் பழகிய தலைக்குள் அந்தக் கவசம் இறங்காது, மேலே தொக்கி நிற்கும், காற்றில் பின்னால் தள்ளும். கடையில் அதை அவர் தலையில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டியது நான். எனவே ஆயிரம் ரூபாயைப் பற்றி இப்போதும் நான் பேசவில்லை.

அபராதக் கருவிக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஐஸ் உருகுகிறது சார் என்று ஒருமுறை சொன்னேன். பதில் இல்லை. வீடு எங்கே என்றார். பேட்டையின் பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை வடசென்னையில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உன்மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. ஒரு நிறுவனத்தில் பத்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவனை, அவன் அம்மாவுக்கு எதிரில் நிற்க வைத்துக் கேட்கிறார். வீட்டுக்கு வந்து மீனை அலசும்போது அம்மா சொன்னார்: "பணம் போகட்டும்பா. உன்னை எல்லோரும் பார்க்க 'டா' போட்டுப் பேசினாரே, அதுதான் தாங்கவில்லை."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டுகிறோம். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். ஆனால் ஓடும் வண்டிக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, நிற்காமல் போன பைக்கைத் துரத்திச் சென்று ஆய்வாளர் ஒருவர் உதைத்ததில் பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார் என்று வழக்குப் பதிவாகி, அந்த ஆய்வாளர் கைதானார். அந்த விவகாரமும் தலைக்கவசச் சோதனையில்தான் தொடங்கியது. உயிரைக் காக்கும் பொருளின் பேரால் ஓர் உயிர் போனது. ஓடும் வண்டியை நோக்கிக் கையோ காலோ நீளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

எண்ணூர் விரைவுச் சாலையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். பின்பக்கம் பிரதிபலிப்புப் பட்டை அழிந்துபோன டிரெய்லர்கள் அதில் உண்டு. தெருவிளக்கு எரியாத இடத்தில், மேலே பெட்டி ஏற்றாத டிரெய்லர் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும். பைக்கில் வருபவரின் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புப் பலகை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை நகரும்போது ஆபத்து வேறு விதம். டிரெய்லர் இடப்பக்கம் திரும்பினால் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் நிறைய இடம் இருப்பதாக நினைத்து நுழைகிற பைக், திருப்பத்தின் பாதியில் நசுங்கிவிடும். மேலே கேபினில் இருக்கும் ஓட்டுநருக்கு அந்த மூலை தெரியவே தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீடுகளில் அப்படிப் போனவர்களின் படம் மாலையோடு தொங்குகிறது.

அந்தத் திருப்பங்களில் விடியற்காலையில் ஒரு காவலரைப் பார்ப்பது அபூர்வம். பாலத்து இறக்கத்தில் நால்வர் நிற்கிறார்கள். என் கோபம் முழுவதும் இதுதான்.

மறைந்து நின்று பிடித்துப் பிடித்து, எங்கள் பிள்ளைகளுக்கு டிரெய்லரைவிட வெள்ளைச் சட்டையிடம் அதிகப் பயம் வரும்படி செய்துவிட்டார்கள். தலைக்கவசம் பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கிறது, போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது, அவர்களைத் தாண்டியதும் மீண்டும் டேங்குக்கு இறங்குகிறது. அது மண்டையைக் காப்பதற்கு என்பதே மறந்துபோய், போலீஸுக்குக் காட்டுவதற்கு என்று ஆகிவிட்டது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் தலைக்கவசம் கட்டாயமானபோது எங்கள் பகுதியில் அநேகமாக எல்லோரும் வாங்கினார்கள். வாங்கியவர்களை அணிய வைப்பதற்குப் பயம் ஒன்றையே கருவியாக்கினால், பயம் இல்லாத இடத்தில் கழற்றத்தானே செய்வார்கள்? சில வாரங்களுக்கு முன் ஒரு பையன், பதினெட்டு வயதுகூட இருக்காது, தூரத்தில் சோதனையைப் பார்த்த பதற்றத்தில் அப்படியே வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் பாய்ந்தான். எதிரே வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது. அவனுக்கும் அதன் முன்பக்கத்துக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. அவன் திரும்பிப் பார்த்தது லாரியை அல்ல, போலீஸ் துரத்துகிறதா என்றுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018இல் ரொக்கம் வாங்குவதை நிறுத்தி இ-சலான் கொண்டுவந்த பிறகு, ஐம்பதுக்கும் நூறுக்கும் கையைப் பிசையும் பழைய அவமானம் பெருமளவு குறைந்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்கள் மட்டும் பதிவில் தங்கள் செல்போன் எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அபராதக் குறுஞ்செய்தி பழைய உரிமையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

காவலர்களின் பாட்டையும் நான் பார்க்காமல் இல்லை. டீசல் புகையிலும் மணல் புழுதியிலும் எட்டு மணி நேரம் நிற்பது சாதாரண வேலை அல்ல. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மேம்பால வேலை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மழைக்காலம். இரவு ஒன்பது மணி இருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கையில் சிவப்பு விளக்குத் தடியோடு ஒரு போக்குவரத்துக் காவலர் சுரங்கப்பாதையின் வாயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு பைக்கையும் கையைக் காட்டி நிறுத்தி, "தம்பி, உள்ளே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, சுற்றிப் போங்கள்" என்றார். எனக்குப் பின்னால் வந்த இளைஞன் முறைத்தான். அவனிடமும் அதே "தம்பி", அதே "போங்கள்". அவன் பேசாமல் திருப்பிக்கொண்டு போனான். அவர் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. வண்டி விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. அன்று அவர் ஒருவரிடமும் உரிமம் கேட்கவில்லை. ஆனால் அவர் சொல்லை மீறி ஒரு வண்டிகூட உள்ளே இறங்கவில்லை.

அந்த மனிதரைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும். ஜீரோ கேட் வழியிலும் மணலிச் சாலைத் திருப்பங்களிலும் நூறு அடி முன்னாலிருந்தே கண்ணில் படும்படி நிற்கட்டும். பட்டை இல்லாத டிரெய்லரை முதலில் நிறுத்தட்டும். எங்களையும் நிறுத்தட்டும், தவறிருந்தால் ஆயிரமும் எழுதட்டும். கையைக் காட்டினால் நாங்கள் நிறுத்துவோம், சாவியை விட்டுவிடுங்கள். எங்களிடம் "வாங்க, போங்க" என்று பேசுங்கள்.

அம்மாவுக்கு இப்போது கொஞ்சம் பெரிய அளவில் ஒரு கவசம் வாங்கியிருக்கிறேன். மூன்று மணிக்கே எழுந்து, கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொள்கிறார். இன்று காலையும் ஜீரோ கேட் பக்கம் லாரி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, காவலர் யாரும் இல்லை. இடப்பக்கம் டிரெய்லர் திரும்பினால் என் இடத்தோளில் இரண்டு முறை அழுத்துவது அம்மாவின் வழக்கம். காசிமேடு போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை அழுத்தினார்.