தொடர்ந்து 27 மூன்று புள்ளி வீச்சு தவறியதற்கு டான்டோனி மட்டுமா காரணம்?

2018 என்.பி.ஏ. கூடைப்பந்து மேற்குப் பிரிவு இறுதியின் 7-வது, கடைசி ஆட்டத்தில் வாரியர்ஸிடம் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தோற்றதற்கு முழுப் பழியையும் பயிற்சியாளர் டான்டோனி தலையில் கட்டுவது சரியல்ல. 44 மூன்று புள்ளி வீச்சு அந்த அணிக்குப் புதிதா என்ன? சீசன் முழுக்க ஆட்டத்துக்கு 42 முறை முயன்றவர்கள்தான். வழக்கம்போல் 36 சதவீதம் விழுந்திருந்தால் 16 கூடை, விழுந்தது 7. தோல்வி வித்தியாசமோ 9 புள்ளி (101-92). ராக்கெட்ஸின் நட்சத்திரம் கிறிஸ் பாலும் தொடைக் காயத்தால் வெளியே.

ஆனால் ராக்கெட்ஸ் வீரர் அரிசா விஷயத்தில் டான்டோனியை விட மாட்டேன். 12 முயற்சி, ஒன்றும் விழவில்லை. தடுப்பாட்டத்துக்காகவே வைத்திருந்தாலும் 42 நிமிடம் அதிகம். வாரியர்ஸ் மூன்றாம் கால்பகுதியை 33-15 என அள்ளியபோதாவது, ராக்கெட்ஸின் முன்னணி வீரர் ஹார்டனை வளையத்தை நோக்கிப் புகவிட்டு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) தேடியிருக்கலாம். தூர வீச்சு தவறினால் பந்து நெடுந்தூரம் தெறிக்கும். அதைப் பிடித்து வேகமாகப் பாயும் வாரியர்ஸ் வீரர் ஸ்டெஃபன் கரிக்கு அது விருந்து.