வெட்டி ஒட்டிய பத்தியும் அதன்மேல் கட்டிய வீடும்

விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகத் துப்புரவு வேலை பார்க்கிறேன். சொந்தமாகக் கட்டுரை எழுதுவது குறைவு. புதிதாக வரும் கட்டுரைகளைப் படித்து, வேறு எங்கிருந்தாவது அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. போன வாரம் ஒரு கட்டுரையில் பாதிக்கு மேல் நீக்க வேண்டி வந்தது. அதிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அச்சு நூல் ஒன்றிலிருந்து ஆறு பத்திகளை அப்படியே தட்டச்சு செய்து அந்தக் கட்டுரையில் போட்டிருக்கிறார். யார் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எழுத்துப்பிழை திருத்தினார்கள், வாக்கியங்களைச் சீராக்கினார்கள், நடுநடுவே புதிய தகவல் சேர்த்தார்கள், சான்று கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்திருக்கிறார். இப்போது அந்த நூல் கையில் கிடைத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நூலின் வாக்கியங்கள்தான். அடுத்தவர் உரையை எவ்வளவு செதுக்கினாலும் அது அந்த உரையின் தழுவல்தான், புதிய எழுத்து ஆகிவிடாது. ஒட்டுவதற்கு முந்தைய பதிப்புக்கு மீளமைப்பதை, அதாவது கட்டுரையை அந்தப் பழைய நிலைக்கே திருப்புவதைத் தவிர வழியில்லை. மீளமைத்தால் நடுவில் உழைத்தவர்களின் உழைப்பும் சேர்ந்தே போகிறது.

வெட்டி ஒட்டியவரைவிட அதிகம் இழப்பவர்கள், அவருக்குப் பின்னால் வந்து நேர்மையாக வேலை செய்தவர்கள். அதனால் முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும், முதல் நாளே ஒட்டியவரிடம் பேசவும் வேண்டும். முதலாவதை நாம் ஓரளவு செய்கிறோம். இரண்டாவதைச் செய்வதே இல்லை.

“இதுவும் இலவசம்தானே, பொதுச்சேவைதானே, எடுத்துப் போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் விக்கிப்பீடியா தன் உரையை வாசிக்கக் கொடுப்பதோடு நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம், எழுதியவர்களைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும் என்று வாக்குக் கொடுக்கிறது. 2001-இல் தொடங்கியபோது அந்த உரிமம் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஆவண உரிமம். 2009-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் உரிமத்துக்கு, அதன் 3.0 பதிப்புக்கு மாறியது, 2023-இல் 4.0 ஆனது. நமக்குச் சொந்தமில்லாத உரையை வைத்துக்கொண்டு இந்த வாக்கை எப்படிக் கொடுக்க முடியும்? ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனையோடு வரும் உரைகளை ஏற்க முடியாததும் இதனால்தான். தன் சொந்த வலைத்தளத்தில் எழுதியதையே கொண்டுவந்து போடுபவர்கள்கூட, அந்தத் தளத்தில் உரிமத்தை அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் விக்கிப்பீடியாவுக்கு அனுமதி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கணக்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

தகவல் யாருடைய சொத்தும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொலைபேசிக் கையேட்டில் அகரவரிசையில் அடுக்கிய பெயர்களுக்கும் எண்களுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. பிறந்த ஆண்டு, மலையின் உயரம், வேதிப்பொருளின் கொதிநிலை எல்லாவற்றையும் எந்த நூலிலிருந்தும் தாராளமாக எடுக்கலாம். அதைச் சொன்ன விதம்தான் எழுதியவருடையது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கருவிக்குப் போவதற்கு முன் கண்ணே நிறையச் சொல்லிவிடும். தட்டுத்தடுமாறி எழுதும் ஒருவரிடமிருந்து திடீரென்று நான்கு பத்தி பளிங்கு போன்ற நடை வரும். படமே இல்லாத இடத்தில் “மேலே உள்ள படத்தில் கண்டபடி” என்று இருக்கும். “எங்கள் நிறுவனம்” என்று ஒரு வரி தப்பி வந்திருக்கும். வரி நடுவில் உடைந்து, சொல்லின் குறுக்கே ஓர் இணைப்புக்கோடு நின்றால் அது பிடிஎஃப் கோப்பிலிருந்து வந்தது. தமிழில் இன்னும் எளிது: கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிக் கிடக்கும்.

அதற்கு நேர்மாறான சிக்கலும் தமிழில் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யுனிகோடு) ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள், வரிக்கு வரி ஒத்திருக்கும் பத்தியும் தப்பிவிடும். ஒருங்குறிக்கு முன்பு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்த பழைய எழுத்துருக்களில் உள்ள பக்கங்களைத் தேடுபொறியால் பிடிக்கவே முடியாது. அச்சு நூல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கருவி என்றால் நாங்கள் அதிகம் பயன்படுத்துவது ஏர்விக் கருவி. கட்டுரையை வலைப்பக்கங்களோடு ஒப்பிட்டு, ஒத்த இடங்களுக்கு நிறம் பூசி, ஒரு விழுக்காட்டைக் காட்டும். சில மொழி விக்கிப்பீடியாக்களில் காப்பிபேட்ரோல் என்ற கருவியும் இருக்கிறது. அது புதிய திருத்தங்களை, நகல் கண்டறியும் டர்னிடின் நிறுவனத்தின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, சந்தேகமானவற்றை மனிதர்கள் பார்ப்பதற்காக வரிசையில் வைக்கும். மனிதர்கள் பார்ப்பதற்காக என்பதுதான் முக்கியம். அந்த விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கக் கோரும் ஆயத்த அறிவிப்பு) இடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீளமான மேற்கோள், பதவிப் பெயர்கள், நூல் பட்டியல் இருந்தாலே எண் ஏறிவிடும்.

ஒருமுறை ஒரு கட்டுரை எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஒரு வலைப்பூவோடு ஒத்துப்போனது. வார்ப்புரு இட்டாயிற்று, எழுதியவர் மனம் நொந்துபோனார். பிறகுதான் வலைப்பூவை நிதானமாகப் படித்தேன். மூன்றாம் பத்தியின் நடுவில், எந்தத் தொடர்பும் இல்லாமல், சதுர அடைப்புக்குள் ஒரு 3 நின்றது. நம்முடைய மேற்கோள் எண்! கட்டுரையின் வரலாற்றை, அதாவது யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பதிவைப் பார்த்தால் அந்தப் பத்தி ஒரே நாளில் வரவில்லை, மூன்று ஆண்டுகளில் வாக்கியம் வாக்கியமாக வளர்ந்திருக்கிறது. நம்மிடம் ஒரு கட்டத்தில் இருந்து பிறகு திருத்தப்பட்ட எழுத்துப்பிழை அங்கே அப்படியே இருக்கிறது. எடுத்தது அவர்கள். வரலாற்றுப் பக்கத்தைத் திறக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் யாரையும் திருடர் என்று சொல்லக்கூடாது.

கருவி தவறவிடும் இன்னொரு வகை, சொல்லை மட்டும் மாற்றுவது. மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மண்புழு பகலில் ஈரமண்ணில் பதுங்கியிருந்து, இரவில் மேலே வந்து, காய்ந்த இலைகளைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்கிறது.” கட்டுரையில் இப்படி வருகிறது: “மண்புழுவானது பகல்வேளையில் ஈரமான நிலத்தினுள் மறைந்திருந்து, இராப்பொழுதில் வெளிவந்து, உலர்ந்த இலைகளைத் தனது பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.” சொல்லெல்லாம் மாறிவிட்டது, எலும்புக்கூடு அதேதான். ஒரு வாக்கியம் என்றால் பரவாயில்லை, ஒரு செய்தியை எத்தனை விதமாகத்தான் சொல்ல முடியும்? பத்தி பத்தியாக இதே வரிசையில் இதே அடுக்கில் போனால் அது நகல்தான். வேற்றுமொழி நூலை அனுமதியின்றி வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துப் போடுவதும் அப்படித்தான். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: இரண்டு மூன்று நூல்களைப் படியுங்கள், மூடி வையுங்கள், நினைவில் நிற்பதை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள், அப்புறம் திறந்து ஆண்டுகளையும் எண்களையும் சரிபாருங்கள்.

நகல் என்று உறுதியானால் நீக்கத்தான் வேண்டும், அதில் இரக்கம் காட்ட இடமில்லை. நிர்வாகிகள் அந்தப் பழைய பதிப்புகளின் உரையை வரலாற்றிலும் மறைக்கலாம். யார் யார் தொகுத்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் மட்டும் அப்படியே நிற்கும், நிற்க வேண்டும்.

ஆனால் மனிதரிடம் காட்ட வேண்டியது வேறு. போன வாரத்துக் கட்டுரையில் ஆறு பத்திகளை ஒட்டியவரின் பயனர் பேச்சுப் பக்கத்தை, அதாவது மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு வரவேற்பு வார்ப்புரு. அவ்வளவுதான். அவர் தொடர்ந்து ஓராண்டு எழுதியிருக்கிறார், முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒன்றில் நகல் கிடைத்துவிட்டால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. இதுவரை பார்த்த ஒன்பதில் ஐந்து அப்படியே எடுத்தவை. ஐந்திலும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று கீழே ஒழுங்காகக் குறித்திருக்கிறார்! மறைக்க நினைப்பவர் பக்க எண் கொடுப்பாரா? சான்று கொடுத்துவிட்டால் எடுக்கலாம் என்று நம்பியிருக்கிறார். “ஐயா, நல்ல நூலைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும்” என்று முதல் கட்டுரையிலேயே யாராவது இரண்டு வரி எழுதியிருந்தால் மீதிக் கட்டுரைகள் வேறு மாதிரி இருந்திருக்கும். தானியங்கி எச்சரிக்கை போதாது. எந்தப் பத்தி, எந்த நூல், எப்படி மாற்றி எழுதலாம் என்று ஒருவர் தன் கையால் எழுத வேண்டும். எனக்கு அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. இப்போது அந்த முப்பது கட்டுரைகளைச் சரிபார்க்க எத்தனை மாதம் ஆகுமோ.

நாற்பது திருத்தங்கள் செய்தவருக்குத் தனியாக எழுதினேன். நீக்கியது ஏன் என்று விளக்கி, மன்னிப்பும் கேட்டேன். அவருடைய திருத்தங்களில் பதினொன்று அந்த நூலைச் சாராதவை, அவர் தானே தேடிச் சேர்த்த தகவல்கள். அவற்றைப் பிரித்தெடுத்து, சான்றுகளோடு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று இரவு பதில் எழுதியிருந்தார். கோபப்படவில்லை. “அந்த நூலை நான் இன்னும் படிக்கவில்லை, இனியும் படிக்காமலே எழுதுகிறேன்” என்று சொல்லி, மணல்தொட்டியில் (எழுதிப் பார்ப்பதற்கான தனிப் பக்கம்) முதல் பத்தியைத் தொடங்கியிருக்கிறார்.